ஒரே படி

"அந்தக் காலத்து ரன் வேறு, இந்தக் காலத்து ரன் வேறு" என்றார் நெய்வேலி நண்பர் ஒருவர். சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு, பள்ளிச் சிறுவர்களின் கிரிக்கெட்டைப் பற்றியது.

1899-ல் இங்கிலாந்தில், கிளிஃப்டன் காலேஜ் என்ற பள்ளியில், 13 வயதுக் காலின்ஸ் ஆட்டமிழக்காமல் 628 ரன் எடுத்தான். 2016-ல் மும்பையை அடுத்த கல்யாணில், 15 வயதுப் பிரணவ் தனவாடே ஆட்டமிழக்காமல் 1,009 ரன் எடுத்து அதைத் தாண்டினான்.

"கல்யாணில் ஒரு பக்கம் எல்லைக்கோடு கிட்டத்தில் இருந்தது. எதிரணி 31 ரன்னில் சுருண்டது. இதுவும் ஒரு சாதனையா?" என்றார்.

வாஸ்தவந்தான். ஆனால் காலின்ஸ் ஆடிய மைதானத்திலும் ஒரு பக்கம் குறுகல். அதுவும் ஒரே பள்ளியின் இரு இல்லச் சிறுவர்கள் ஆடியது. எதிரணி எடுத்தது 87, பிறகு 61. பழையதற்குப் பாராட்டு, புதியதற்கு விசாரணை என்பது எந்த ஊர் நியாயம்?

"உங்கள் சுரங்கத்தில் நிலக்கரியை டன் கணக்கில் எழுதுகிறீர்கள். அதற்குமேல் கிடந்த மண்ணை வாரிக் கொட்டிய பாடு அந்த எண்ணில் தெரிகிறதா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

ரன்னும் அப்படித்தான். மண் எவ்வளவு என்று கேட்பதானால் இருவரிடமும் கேட்க வேண்டும். காலங்களை ஒப்பிடலாம், படியை மாற்றி மாற்றி அளக்கக் கூடாது. அளக்கப்படுகிறவன் சிறுவனாயிருந்தால், அந்தத் தவறு கொடுமையாகவும் ஆகிவிடுகிறது.