உடம்பில் ஒட்டாத சோறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஒரு கிடங்கு இருக்கிறது. அதன் கேட்டுக்கு ஒருநாள் ஒரு நாய் வந்து சேர்ந்தது. ஒரு வயதுகூட நிரம்பியிருக்காது. நிமிர்ந்த காது, முதுகில் கறுப்புத் துண்டு போர்த்தியதுபோல் நிறம். எங்கள் ஊர்ப் பேச்சில் 'அல்சேஷன் கிராஸ்'. யாரோ ஜிஎன்டி ரோட்டில் காரை நிறுத்தி இறக்கிவிட்டுப் போயிருக்கவேண்டும் என்றார் செக்யூரிட்டி அண்ணன். பசியால் வாடும் நிலையில் ஒரு பிராணியைக் கைவிடுவது 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் நெடுஞ்சாலையில் போகிற காரை யார் தேடிப் பிடிப்பது? அண்ணன் அவனுக்கு ராஜா என்று பேர் வைத்தார்.

நான் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. சாயங்கால மீட்டிங் முடிந்ததும் அந்தப் பக்கம் நடக்கப் போவேன். ராஜாவுக்குச் சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. அண்ணனின் டிபன் பாக்ஸில் பாதி அவனுக்குத்தான். லாரிக்காரர்கள் பரோட்டா போடுவார்கள். பின்னாலிருந்த ஷெட்டில் தங்கியிருந்த ஒடிசாக்காரப் பையன்கள் மிச்ச ரொட்டியைக் கொண்டுவந்து வைப்பார்கள். அத்தனையும் ஒரே மூச்சில் காலியாகும். ஆனாலும் வாரத்துக்கு வாரம் இளைத்துக்கொண்டே போனான். மூன்றாவது மாதம் விலா எலும்பை எண்ணிவிடலாம் போலிருந்தது. ஒரு நாளைக்கு ஆறேழு முறை வயிற்றால் போனது. வெளிறிய நிறம், எண்ணெய்ப் பிசுக்கு, தாங்கமுடியாத நாற்றம்.

ஒருநாள் அவன் தன் மலத்தையே தின்பதைப் பார்த்தேன். "சீ, ஏண்டா இப்படிப் பண்ற?" என்று கத்தி, கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அவன்மேல் வீசினேன். முதுகில் பட்டது. அவன் ஓடவில்லை. தின்பதை இன்னும் வேகப்படுத்தினான்.

ஆளுக்கொரு விளக்கம் வைத்திருந்தோம். வயிற்றில் பூச்சி என்றார் டீக்கடைக்காரர். பெரிய வீட்டு நாய்க்கு நம்ம சோறு எப்படி ஒத்துக்கும் என்றார் ஒரு லாரி டிரைவர். அண்ணன் சொன்னதுதான் கொஞ்சம் கடுமையானது. "பேராசை புடிச்ச நாய் தம்பி. எவ்ளோ துன்றான் பாரு. அதான் ஆண்டவன் ஒண்ணையும் ஒட்ட வுட மாட்டேன்றான்." சொல்லிக்கொண்டே இன்னொரு கை சோறு வைத்தார்.

என் விளக்கம் இவை எல்லாவற்றையும்விடப் படித்தவனுடைய விளக்கம். இங்கே பழைய பேட்டரிகளை உருக்கி ஈயம் எடுக்கும் ஆலைகள் உண்டு. ஈயம் உடம்பில் சேர்ந்த நாய்க்கு வாந்தி, வயிற்றுவலி, எடைக்குறைவு, வலிப்பு எல்லாம் வரலாம். கூகுளில் படித்ததும் எனக்கு உறுதியாகிவிட்டது. இப்போது வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்: காரணம் ஈயமாக இருக்கவேண்டும் என்று உள்ளூர விரும்பினேன். அது ஒரு நல்ல கட்டுரை. தொழிற்பேட்டை, மாசு, வாயில்லா ஜீவன். தலைப்புகூட மனதில் தயாராக இருந்தது. ஈய நஞ்சில் பசி பெரும்பாலும் குறையும் என்றும் அதே பக்கத்தில் எழுதியிருந்தது. கோடில் பிழை தேடும்போது, நாம் ஏற்கெனவே முடிவுகட்டிய காரணத்துக்குப் பொருந்தாத லாக் வரியைக் கண் தாண்டிப்போகும் இல்லையா, அப்படித் தாண்டிப்போனேன். எங்கள் ஊர்க் காற்றையும் நீரையும் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகள் அப்படியேதான் இருக்கின்றன. ஆனால் அவற்றுக்கு ராஜாவைச் சாட்சியாகக் கூப்பிட எனக்கு உரிமை இல்லை.

உள்ளூரில் பூச்சிமருந்து கொடுத்தோம். மலத்தில் ஜியார்டியா இருக்கிறதா, ரத்தத்தில் உண்ணிக்காய்ச்சல் கிருமி இருக்கிறதா என்று பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. கடைசியில் நண்பனின் குட்டியானையில் ஏற்றி வேப்பேரிக்குக் கொண்டுபோனோம். 1903இல் சைதாப்பேட்டையில் தொடங்கிப் பிறகு வேப்பேரிக்கு வந்த கால்நடை மருத்துவக் கல்லூரி அது. சீட்டுப் போடுமிடத்தில் "ஓனர் பேரு?" என்று கேட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவரைப் பார்த்தேன், பின்னால் நின்றவரைப் பார்த்தேன், பிறகு என் பேரைச் சொன்னேன்.

உள்ளே ஒரு இளம் டாக்டர். "நல்லா சாப்பிடுறானா?" "பேய் மாதிரி மேடம்." "மோஷனைச் சாப்பிடுறானா?" நான் என்னமோ என் குற்றத்தைக் கேட்டதுபோல் தலையைக் குனிந்துகொண்டு "ஆமா" என்றேன். அவர் முகம் சுளிக்கவில்லை. குறித்துக்கொண்டே, "அது பசி சார். அதுல செரிக்காத சோறு அப்படியே இருக்கில்ல" என்றார்.

அவர் சந்தேகப்பட்டது கணையத்தை. சோற்றையும் கொழுப்பையும் புரதத்தையும் உடைக்கும் என்சைம்களைச் சுரப்பது அந்த உறுப்புதான். ஜெர்மன் ஷெப்பர்டு வகை நாய்களில் சிலவற்றுக்கு, இளம் வயதிலேயே, அந்தச் சுரப்புச் செல்கள் அழிந்துபோகின்றன. ஏறத்தாழ தொண்ணூறு சதவீதம் அழியும்வரை வெளியே ஒன்றும் தெரியாது. அதன்பிறகு எவ்வளவு தின்றாலும் சோறு குடலைக் கடந்து போகுமே தவிர உடம்புக்குள் போகாது. வயிறு நிறைந்திருக்கும்போதே உடல் பட்டினி கிடக்கும்.

உறுதிப்படுத்த ஒரு ரத்தப் பரிசோதனை. அதற்கு இரவு முழுக்கப் பட்டினி போடவேண்டும். அந்த இரவு அண்ணனும் நானும் கேட்டில் உட்கார்ந்திருந்தோம். அண்ணன் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. ராஜா எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு நல்லது செய்கிறோம் என்பதை அவனிடம் சொல்ல எங்களுக்கு வழியில்லை.

முடிவு டாக்டர் சொன்னபடியே வந்தது. மருந்து எளிமையானது, ஆனால் ஆயுள் முழுக்க. பன்றியின் கணையத்திலிருந்து எடுத்த என்சைம் தூளை ஒவ்வொரு வேளைச் சோற்றிலும் கலக்கவேண்டும். கூடவே பி12 ஊசி. தூளுக்குப் பதிலாக மாட்டின் பச்சைக் கணையத்தை நறுக்கியும் போடலாம். கறிக்கடைக்காரருக்குக் கணையம் என்ற சொல் தெரியவில்லை. போனில் படம் காட்டினேன். "இதுவா? இத யாரும் கேக்க மாட்டாங்களே தம்பி. நாய்க்குத் தூக்கிப் போட்டுருவோம்" என்றார்.

அன்றிரவு எனக்கு ராஜாவின் ஞாபகம் வரவில்லை. என் ஹாஸ்டல் ரூம்மேட்டின் ஞாபகம் வந்தது. இரண்டாம் ஆண்டில் அவன் மெஸ்ஸில் நாலு பேர் சாப்பாட்டைச் சாப்பிடுவான், ராத்திரியில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் குடிப்பான், ஆனால் சட்டை தொளதொளவென்று ஆகிக்கொண்டே போனது. அவனுக்குப் 'பஞ்சம்' என்று பட்டப்பேர் வைத்தோம். வைத்தது நான். "ஏண்டா, வீட்ல சோறே போடலியா?" என்பது தினசரி ஜோக். ஒரு செமஸ்டர் பரீட்சை அன்று மயங்கி விழுந்தபோதுதான் முதல் வகைச் சர்க்கரைநோய் என்று தெரிந்தது. அங்கேயும் கணையம்தான், வேறு செல்கள். அவன் இன்றும் இன்சுலின் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறான்.

அந்த இன்சுலினுக்குப் பின்னால் ஒரு நாய் வரிசை இருக்கிறது. 1889இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் மின்கோவ்ஸ்கியும் வான் மெரிங்கும் ஒரு நாயின் கணையத்தை வெட்டி எடுத்தார்கள். அவர்கள் அறிய விரும்பியது செரிமானத்தைப் பற்றி. நாய்க்குச் சர்க்கரைநோய் வந்தது. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் வரிசையாக நாய்களை வைத்துச் சோதித்துத்தான் அந்தச் சாற்றைப் பிரித்தார்கள். 1922 ஜனவரியில் பதினான்கு வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் ஊசி. என் நண்பன் உயிரோடு இருப்பது அந்த நாய்களால். அதற்காக ராஜாவுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம் என்று சொல்ல வரவில்லை. எந்த நாயும் எதையும் கடனாகக் கொடுக்கவில்லை, எடுத்துக்கொண்டோம். நான் கவனித்தது வேறு. அந்த ஆய்வுக்கூடங்களில் கொடுமை இருந்தது. ஆனால் 'ஏன்' என்ற கேள்வியை அவர்கள் உண்மையிலேயே பதில் வேண்டித்தான் கேட்டார்கள். நான் என் நண்பனிடமும் ராஜாவிடமும் கேட்ட 'ஏண்டா' அப்படிப்பட்டதல்ல.

தமிழில் இந்த ஒரே சொல்லுக்குள் இரண்டு வேலை இருக்கிறது. "ஏன் காய்ச்சல் வந்தது?" என்பதில் காரணத்தைத் தேடுகிறோம். "ஏண்டா இப்படிப் பண்ற?" என்பதில் குற்றவாளியைத் தேடுகிறோம். காரணம் பிடிபடாத துன்பம் நம்மைத் தொந்தரவு செய்கிறது. அதனால் முதல் ஏனுக்குப் பதில் கிடைக்காதபோது சத்தமில்லாமல் இரண்டாவதுக்குத் தாவிவிடுகிறோம். பேராசை, திமிர், முன்வினை, கூடவே என்னுடைய படித்த ஈயம்.

மணிமேகலையில் காயசண்டிகைக்கு யானைத்தீ என்ற நோய் இருக்கிறது. எவ்வளவு உண்டாலும் தீராத பசி. காப்பியம் அதற்கும் ஒரு குற்றத்தைச் சொல்கிறது: பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் நாவல் கனியை அவள் காலால் சிதைத்தாள், அதற்காக விருச்சிக முனிவன் சபித்தான். ஆனால் மணிமேகலை அந்தக் கணக்கை அவளிடமிருந்து வசூலிப்பதில்லை. அமுதசுரபியிலிருந்து ஒரு பிடி எடுத்துக் கொடுக்கிறாள், பசி அடங்குகிறது. முதலில் சோறு போடு, கேள்வி பிறகு என்பதுதான் இதன் பாடம் என்று நினைத்திருந்தேன். இப்போது அது பாதிதான் என்று தோன்றுகிறது. அதற்கு முன்னாலும் புகார் நகரத்தில் எத்தனையோ பேர் அவளுக்குச் சோறு போட்டிருப்பார்கள். அந்தச் சோறு ஒன்றும் செய்யவில்லை.

அண்ணன் மூன்று மாதம் தன் சோற்றில் பாதியை ராஜாவுக்குக் கொடுத்தார். அவரைவிட அவன்மேல் பிரியமானவர் யாருமில்லை. அந்தப் பிரியம் மட்டும் இருந்திருந்தால் நிறைந்த தட்டுக்கு முன்னாலேயே அவன் செத்துப்போயிருப்பான். டாக்டருக்கு அவன்மேல் தனிப்பட்ட பாசம் ஒன்றும் இருந்திருக்காது, அன்று காலை அவர் பார்த்த எத்தனையாவது நாயோ. ஆனால் அருவருப்பான ஒரு விஷயத்தைக் குற்றம் தேடாமல் கேட்க அவருக்குத் தெரிந்திருந்தது. அதற்காக அண்ணன் செய்தது வீண் என்றும் சொல்லமாட்டேன். அந்தப் பாதிச் சோறு இல்லையென்றால், வேப்பேரிக்குக் கொண்டுபோகும்வரை அவன் தாங்கியிருக்கமாட்டான்.

போன மாதம் நண்பனுக்குப் போன் செய்தேன். பட்டப்பேரைப் பற்றிச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவனுக்கு அது நினைவிருந்தது. "விடு மச்சி" என்றான். கொஞ்சநேரம் கழித்து, "அப்ப ஒருத்தனாவது டாக்டர்கிட்ட போடான்னு சொல்லியிருக்கலாம்" என்றான்.

ராஜா இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறான். எடை கூடியிருக்கிறது, முதுகெலும்பு வெளியே தெரியவில்லை. சோற்றில் தூளைக் கலந்து இருபது நிமிடம் ஊறவைப்பேன். அந்த இருபது நிமிடமும் சமையற்கட்டு வாசலில் உட்கார்ந்து குரைத்துக்கொண்டே இருப்பான். அம்மா உள்ளேயிருந்து, "ஏண்டா கத்தற?" என்பார். பிறகு அவரே, "பசிக்குது அவனுக்கு" என்று பதிலும் சொல்லிக்கொள்வார்.