காலை ஆறு மணி உண்மை

ஒரு சின்னக் கேள்வியோடு ஆரம்பிக்கலாம். பதில் சொல்ல அவசரப்பட வேண்டாம்.

தஞ்சாவூரில் இருக்கிறீர்கள். உங்கள் காரை விற்கப் போகிறீர்கள். சாதாரணக் கார் இல்லை. மிதித்தால் பறக்கிற ஜாதி. 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ என்று வைத்துக்கொள்வோமே. சின்ன எஞ்சின், அதற்கு ஒரு டர்போ, 105 குதிரை சக்தி. 2022-லேயே இந்தியாவில் போலோ உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள். அதனால் இந்த மாதிரி வண்டிகளைச் செகண்ட் ஹேண்டில் வலை வீசித் தேடுகிற ரசிகர்கள் இருக்கிறார்கள்.

உங்கள் வண்டியில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது, ஒன்றைத் தவிர. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு நடுக்கம். இரண்டு மூன்று நிமிஷம் 'மிஸ்ஸிங்' அடிக்கும். ஆக்ஸிலேட்டரை மிதித்தால் முக்கும். அப்புறம் ஒன்றுமே நடக்காத மாதிரி சமர்த்தாகிவிடும். வல்லம் என்ன, திருச்சி வரை ஓட்டினாலும் வெண்ணெய்தான்.

ஒரத்தநாட்டுப் பக்கத்துப் பையன் ஒருவன் பார்க்க வருகிறான். சிங்கப்பூரில் நாலு வருஷம் வேலை பார்த்துச் சேர்த்த காசு. ஒன்பது மணிக்கு வருவதாக போன். நீங்கள் எட்டரைக்கே வண்டியை எடுத்து, பெரிய கோயில் பக்கம் ஒரு ரவுண்டு அடித்துவிட்டு வந்து வாசலில் நிறுத்திவிடுகிறீர்கள். பையன் வருகிறான். சாவியைத் திருப்புகிறான். எஞ்சின் சிட்டாகப் பிடித்துக்கொள்கிறது.

"வண்டி எப்படிண்ணே?"

"நான் என்னத்தச் சொல்றது? நீயே ஓட்டிப் பாரு தம்பி!"

ஓட்டிப் பார்க்கிறான். முகமெல்லாம் பல். அட்வான்ஸ் கைமாறுகிறது.

நீங்கள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. இப்போது கேள்வி: நீங்கள் பொய் சொன்னீர்களா, இல்லையா?

தீர்ப்புக்கு முன்னால் அந்த எஞ்சினைக் கொஞ்சம் விசாரித்துவிடுவோம்.

'தஞ்சாவூரில் ஏதய்யா குளிர், இது என்ன சிம்லாவா?' என்று கேட்பீர்கள். நியாயம். மார்கழிப் பனிகூட நமக்கு ஒரு மஃப்ளரோடு முடிந்துபோகிற சமாசாரம். ஆனால், எஞ்சினுடைய கணக்கு வேறு. வேலை செய்யும்போது அதன் கூலண்ட் 90 டிகிரியை ஒட்டி இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற வண்டி, சித்திரை மாதத்தில்கூட, 30 டிகிரி பக்கம்தான் இருக்கும். அதற்கு அது குளிர்தான்.

குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது. அதனால் வண்டியின் கம்ப்யூட்டர் கொஞ்சம் தாராளமாகவே பெட்ரோல் ஊற்றச் சொல்லும். அந்த நேரத்தில் அது குத்துமதிப்பாகத்தான் வேலை செய்கிறது. ஏனென்றால், வெளியே போகும் புகையை மோந்து பார்த்து 'கலவை சரி', 'கலவை தப்பு' என்று தகவல் சொல்கிற ஆக்ஸிஜன் சென்சார், சுமார் 300 டிகிரி சூடேறினால்தான் டியூட்டிக்கு வரும். அது வந்துவிட்டால் சின்னச் சின்னக் குறைகளைக் கம்ப்யூட்டரே சரிக்கட்டிவிடும். சூட்டில் இரும்பும் கொஞ்சம் விரிந்து சில இடுக்குகளை அடைத்துக்கொள்ளும். குறை அங்கேயேதான் உட்கார்ந்திருக்கும். வெளியே தெரியாது, அவ்வளவுதான்.

அந்த நடுக்கத்துக்குக் காரணம் என்னவாக இருக்கும்? சில நூறு ரூபாய் ஸ்பார்க் பிளக்காக இருக்கலாம். காலை ஈரத்தில் மின்சாரத்தைக் கசியவிடும் இக்னிஷன் காயிலாக இருக்கலாம். இன்ஜெக்டர் ஒன்று ராத்திரி முழுக்கச் சொட்டியிருக்கலாம். ஸ்டார்ட் செய்ததும் சைலன்சரில் வரும் பெட்ரோல் வாடை காட்டிக்கொடுத்துவிடும். சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிற இந்த வகை எஞ்சின்களில், காற்று உள்ளே போகும் வால்வு மேல் பெட்ரோல் படுவதே இல்லை. கழுவ ஆளில்லாமல் அங்கே கரி படியும். அதுவும் காலை நடுக்கத்துக்கு ஒரு காரணம். எல்லாவற்றிலும் மோசமானது ஹெட் காஸ்கெட் கசிவு. ராத்திரியில் ஒரு சிலிண்டருக்குள் சொட்டுச் சொட்டாகக் கூலண்ட் இறங்கும். காலையில் அந்தச் சிலிண்டர் எரிய மறுக்கும். வெள்ளைப் புகை வரும், கூலண்ட் மட்டம் குறையும். எஞ்சினைப் பிரித்தே ஆக வேண்டிய வேலை.

நடுக்கம் ஒன்றுதான். செலவுதான் கல்யாண மொய்யிலிருந்து கல்யாணச் செலவு வரை!

விஷயம் தெரிந்த மெக்கானிக் எடுத்தவுடன் எதையும் மாற்ற மாட்டார். "வண்டிய ராத்திரி இங்கயே விட்டுட்டுப் போங்க சார், காலைல பாக்கறேன்" என்பார். காலையில் ஸ்கேனரை மாட்டுவார். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர் மிஸ்ஸிங் என்று அர்த்தம். அதன் காயிலைக் கழற்றி மூன்றாவது சிலிண்டரில் மாட்டிவிட்டு, மறுபடியும் ஒரு ராத்திரி வண்டியை ஆறவிடுவார். மறுநாள் பி0303 என்று வந்தால் குற்றவாளி காயில்தான். குறை அதோடு சேர்ந்து இடம் மாறிவிட்டது. மறுபடியும் பி0302 என்றே வந்தால் காயில் நிரபராதி. வேறு ஆளைத் தேட வேண்டும்.

கவனித்தீர்களா? ஒரு சோதனைக்கு ஒரு ராத்திரி. முழுக்க ஆறிய எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லும். அன்றைக்கு அதை எட்டரை மணிக்கு நீங்கள் மட்டும் கேட்டு முடித்துவிட்டீர்கள். ஒன்பது மணிக்கு வந்த பையனுக்குக் கேட்க எதுவும் மிச்சமில்லை.

இனி தீர்ப்புக்கு வருவோம்.

பி.காம். படித்தவர்களுக்கு 'மெர்க்கன்டைல் லா' பேப்பர் நினைவிருக்கும். 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-வது பிரிவு. மோசடி என்றால் என்ன என்று சொல்லிவிட்டு, சட்டமே உதாரணமும் கொடுக்கிறது. ஒருவர் ஏலத்தில் ஒரு குதிரையை விற்கிறார். அதற்கு உடம்பு சரியில்லை என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. மோசடியா? இல்லை என்கிறது சட்டம். வாங்குகிறவர் அவருடைய சொந்த மகள், இப்போதுதான் மேஜர் ஆனவள் என்றால்? அப்போது சொல்லியாக வேண்டும். வாங்குகிறவர், 'நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன்' என்கிறார். விற்கிறவர் பேசாமல் இருக்கிறார் என்றால்? அந்த மௌனம் பேச்சுக்குச் சமம்.

'அப்பாடா, நான் மௌனமாகத்தானே இருந்தேன்' என்று மூச்சு விடாதீர்கள். அதே பிரிவு, தெரிந்த உண்மையை முனைந்து மறைப்பதை மோசடி என்கிறது. 19-வது பிரிவில் இன்னொன்றும் வருகிறது: விற்றவரின் மௌனத்தால் ஏமாந்ததாக வாங்கியவர் சொன்னாலும், சாதாரண கவனத்தோடு உண்மையைக் கண்டுபிடிக்க அவருக்கு வழி இருந்ததென்றால், ஒப்பந்தத்தை முறிக்க முடியாது. வழி இருந்ததா என்பதுதான் அங்கே கேள்வி. அந்த வழியைத்தானே எட்டரை மணிக்கு நீங்கள் அடைத்தீர்கள்? கோர்ட்டில் இது எப்படிப் போகும் என்பது வக்கீல்கள் பாடு. நமக்கு மனசாட்சியின் பாடு.

இந்த வழக்கு இன்றைக்கு நேற்றையது இல்லை. கி.மு. 44-ல் ரோமாபுரியின் சிசரோ, கடமைகள் பற்றி எழுதிய நூலில் இதை விவாதிக்கிறார். அங்கே சரக்கு கார் இல்லை, தானியம். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பல் நிறைய தானியத்தோடு வந்து இறங்குகிறார். பின்னாலேயே இன்னும் பல கப்பல்கள் வந்துகொண்டிருப்பது அவருக்குத் தெரியும். சொன்னால் விலை விழுந்துவிடும். சொல்ல வேண்டுமா? 'சொல்லாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு. சட்டம் கேட்கிற அளவுக்குச் சொன்னால் போதும்' என்பது தத்துவ ஞானி டயோஜினிஸின் கட்சி. 'எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். வாங்குகிறவரும் உன்னைப் போன்ற மனிதர்தானே' என்பது அவருடைய சிஷ்யர் ஆண்டிபேட்டரின் கட்சி. சிசரோ சிஷ்யர் பக்கம் சாய்ந்தார்.

குருவின் கட்சியையே எடுத்துக்கொண்டாலும் நீங்கள் தப்ப முடியாது என்பதுதான் வேடிக்கை. அந்த வியாபாரி சும்மா நின்றார். நீங்கள் வேலை செய்தீர்கள்.

'ஏன் சார், விற்கிறவன் நாலு பேருக்கு நல்லபடியாகத் தெரிகிற மாதிரிதானே காட்டுவான்? வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பதும் தப்பா? பெண் பார்க்க வரும்போது பட்டுப்புடவை கட்டுவதும் ஏமாற்றா?'

நல்ல கேள்வி. இதற்கு ஒரு சுலபமான சோதனை இருக்கிறது. நீங்கள் செய்ததைப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். "நீ வர்றேன்னு காலைலதான் கழுவினேன் தம்பி" என்று சொன்னால் அவன் சிரிப்பான். வண்டி பளபளப்பாகவேதான் இருக்கும். "நீ வர்றேன்னு காலைலயே எஞ்சினைச் சூடாக்கி வச்சேன் தம்பி" என்று சொல்லிப் பாருங்கள். அவன் முகம் மாறிவிடும். சொன்னால் பலிக்காது, சொல்லாமல் இருந்தால்தான் பலிக்கும் என்கிற எந்தக் காரியமும் அலங்காரம் இல்லை.

நெல் விளைகிற ஊர்க்காரர்களுக்கு இதை யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் நனைந்த வருஷங்களில் அதை 22 வரை தளர்த்தச் சொல்லி டெல்டா விவசாயிகள் கேட்பார்கள். காலைப் பனியில் அளந்தால் அதிகமாகக் காட்டுகிற நெல், ரோட்டில் பரப்பி வெயில் காட்டி அளந்தால் குறைத்துக் காட்டும். இது ஏமாற்றா? இல்லவே இல்லை. ஈரம் நிஜமாகவே போய்விட்டது. ஆனால், ஈர நெல்லை மூட்டையின் நடுவில் வைத்து, மேலே காய்ந்த நெல்லைப் போட்டால்? அதற்காகத்தானே வியாபாரி மூட்டையின் வயிற்றில் குத்தூசியை விட்டு எடுத்துப் பார்க்கிறார்!

வண்டிக்குக் குத்தூசி, ஆறிய எஞ்சினின் முதல் ஸ்டார்ட். அதை ஒடித்து வைத்துவிட்டு 'நீயே பாரு தம்பி' என்பதில் என்ன பெருந்தன்மை இருக்கிறது?

நஷ்டம் அந்தப் பையனோடு நிற்பதும் இல்லை. 1970-ல் அமெரிக்கப் பொருளாதார நிபுணர் ஜார்ஜ் அகெர்லாஃப், பழைய கார் சந்தையை வைத்தே ஒரு கட்டுரை எழுதினார். மூன்று பத்திரிகைகள் அதைத் திருப்பி அனுப்பின. 2001-ல் அதற்காக நோபல் கிடைத்தது. சாரம் இதுதான்: நல்ல வண்டி எது, ஓட்டை வண்டி எது என்று வாங்குகிறவருக்குத் தெரியாவிட்டால், எல்லா வண்டிக்கும் ஓட்டை வண்டி பயத்தோடுதான் விலை சொல்வார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரர் விற்க மாட்டார், விலகிப் போவார். கடைசியில் சந்தையில் ஓட்டைகளே மிஞ்சும். நீங்கள் சூடாக்கி விற்ற ஒரு கார், எங்கோ கும்பகோணத்தில் ஒரு நேர்மையான மனிதர் விற்கப் போகிற காரின் விலையையும் சேர்த்துக் குறைக்கிறது.

இதே காவிரி கடலில் கலக்கிற இடத்தில் ஒரு காலத்தில் உலக வியாபாரம் நடந்தது. அந்தக் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் வாங்கும்போது கூடுதலாக எடுக்க மாட்டார்கள், விற்கும்போது குறைத்துக் கொடுக்க மாட்டார்கள் என்று பட்டினப்பாலை பாராட்டுகிறது. கடல் கடந்து வந்தவர்கள் நம்பித் திரும்பி வர அது ஒரு காரணமாக இருந்திருக்க வேண்டாமா?

சரி, கணக்குக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் பையன் விலையைக் குறைப்பான். குறைக்கட்டும். அந்தப் பணம் உங்களுக்கு நஷ்டம் என்று நினைப்பதில்தான் கோளாறே. அது அந்த வண்டியோடு ஒட்டிக்கொண்டிருக்கிற ரிப்பேர் செலவு. கணக்கு பாஷையில் உங்கள் லயபிலிட்டி. சாவியோடு சேர்த்து அதையும், அவனுக்குத் தெரியாமலே, அவன் பேரில் எழுதிவிடப் பார்த்தீர்கள். காரணம் பிளக்கா, காஸ்கெட்டா என்று உங்களுக்கே தெரியாமல் இருக்கலாம். பரவாயில்லை. நடுக்கம் இருப்பது தெரியுமே, அதைச் சொல்லலாமே!

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: முடிந்தால் காலை ஆறு மணிக்குப் போங்கள். ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் பானெட் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், "நாளைக்கு வரேண்ணே, ராத்திரி வண்டிய எடுக்காம வைங்க" என்று சிரித்துக்கொண்டே கிளம்பிவிடுங்கள்.

விற்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்த ராத்திரி வண்டியைத் தொடாதீர்கள். காலையில் அது நடுங்கினால் நடுங்கட்டும். பின்னால் எப்போதாவது கீழவாசல் பக்கம் அந்தப் பையனை எதிரில் பார்க்கும்போது நீங்கள் நடுங்காமல் இருக்கலாம்.