எட்டுப் போட்டால் போதுமா?

எட்டுப் போட்டுக் காட்டினான், உரிமம் பெற்றான்! கால் ஊன்றாமல் வண்டியைத் திருப்பியவனுக்கு, விசைமிக்க எந்திரத்தை வீதியில் செலுத்தும் உரிமையை வழங்குகிறது அரசு. அந்த எந்திரம் ஓர் உடலைச் சாய்த்துவிட்டால், சாய்ந்தவர் மூச்சைக் காப்பது எப்படி என்று அவனுக்குத் தெரியுமா? செய்து காட்டச் சொல்லி எவரேனும் சோதித்தனரா? இல்லை. உயிரைப் பறிக்கக்கூடிய வலிமையைக் கையில் கொடுத்துவிட்டு, உயிரைக் காக்கும் வழியைக் கற்பிக்காமல் விடுவது அறமாகுமா? கேட்கிறோம் நாம்.

கூமாப்பட்டியைத் தமிழகம் இன்று நன்கறியும். 2025 ஜூன் திங்களில், அவ்வூர் இளைஞர் ஒருவர் வெளியிட்ட காணொளிகள் சிற்றூரின் பெயரைத் திசையெங்கும் பரப்பின. மலையடிவாரத்தையும் பிளவக்கல் அணைப் பக்கத்தையும் காண வண்டியேறி வந்தனர் வெளியூரார். வரட்டும், வரவேற்போம்! ஆனால், வழி பழகாத வண்டிகள் விரையும் வயல்வெளிச் சாலையில் ஒருவர் அடிபட்டு விழுந்தால்? ஊர்தி வந்து சேர வேண்டும். வத்திராயிருப்புக்கோ, திருவில்லிபுத்தூருக்கோ, காயம் கடுமையெனில் மதுரைக்கோ கொண்டு செல்ல வேண்டும்.

2008 முதல் தமிழகத்தில் 108 ஊர்தி ஓடுகிறது. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்துக்குள்ளானோர்க்கு முதல் 48 மணி நேரம் கட்டணமில்லா மருத்துவத்துக்கு வழி செய்தது. பாராட்டுகிறோம். எனினும், இதயம் நின்றபின் மூளை கேடுறாமல் தாங்குவது நான்கைந்து நிமிடமே! நாற்பத்தெட்டு மணி நேரத்தை அரசு தந்தது. அதற்கும் முந்திய நான்கு நிமிடத்தை யார் தருவது? அருகில் நிற்பவர்தாம் தர முடியும்.

2022-இல் இந்தியச் சாலைகளில் மாண்டோர் 1,68,491 பேர். விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழகத்துக்கு: 64,105. ‘தலைவிதி’ என்று சொல்லித் தலையசைத்துவிட்டுப் போகலாமா, இத்தனை பேரையும்?

நம் மக்களுக்கு இரக்கம் இல்லையா? உண்டு, நிரம்ப உண்டு. ஓடி வருகிறார்கள், விழுந்தவரைத் தூக்கி உட்கார வைக்கிறார்கள், வாயில் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நினைவிழந்தவர் வாயில் ஊற்றிய நீர் மூச்சுக்குழலுக்குள் இறங்கும். அடிபட்ட கழுத்தை அசைத்தால் தண்டுவடம் கெடக்கூடும். அன்புதான், ஆனால் அறியாமையோடு கைகோத்த அன்பு!

கற்க வேண்டியது கடலளவு அன்று. குருதி கொட்டும் இடத்தில் துணியை வைத்து விடாது அழுத்துதல். மூச்சுவழி அடைபடாமல் காத்தல். நினைவும் இயல்பான மூச்சும் இல்லையெனில், நெஞ்சின் நடுவே, ஐந்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துதல். சாலை விபத்தில் குருதியை நிறுத்தும் கைக்கே வேலை அதிகம். நெஞ்சை அழுத்தும் கையோ, பேருந்திலே மாரடைப்பால் சாய்ந்தவருக்கும் உதவும். சில மணி நேரப் பயிற்சியில் படியக்கூடியவை இவை.

சட்டம் என்ன சொல்கிறது? 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 134-ஆவது பிரிவில், காயமுற்றவர்க்கு மருத்துவ உதவி கிடைக்கச் செய்வது ஓட்டுநரின் கடமை என்கிறது. பயிற்சிப் பள்ளிகளின் பாடத்திட்டத்தில் முதலுதவியும் இடம் பெற்றிருக்கிறது. உதவ முன்வருவோர் வழக்குக்கு அஞ்ச வேண்டியதில்லை என்று 2016-இல் உச்சநீதிமன்றம் காப்பளித்தது. 2019-இல் அந்தக் காப்பு சட்டத்திலும் ஏறிற்று. கடமை ஏட்டில் இருக்கிறது, பாடம் ஏட்டில் இருக்கிறது, காப்பும் ஏட்டில் இருக்கிறது. ஓட்டுநர் தேர்வோ, வண்டி திருப்பும் கையைச் சோதிக்கிறது, காயம் கட்டும் கையைச் சோதிப்பதில்லை! செய்யத் தெரியாதவனிடம் செய் என்று ஆணையிடுவது நீதியாகுமா?

செருமனி 1969-லேயே முதலுதவிப் பயிற்சியை உரிமத்தோடு பிணைத்தது. சுவிட்சர்லாந்தில் பத்து மணி நேரப் பயிற்சி பெற்றாக வேண்டும். அங்கே ஓடுவதும் இதே எந்திரம்தான்; இங்கே சாய்வதும் அதே மனித உடல்தான்.

“அறத்தைச் சட்டத்தால் ஊட்ட முடியுமா?” என்பர் சிலர். முடியாது. அன்பு செலுத்து என்று எவரையும் கட்டாயப்படுத்தவில்லை நாம். அறிந்துகொள் என்றுதான் கட்டாயப்படுத்தச் சொல்கிறோம். “ஏழை ஆட்டோக்காரருக்கு இது இன்னுமொரு செலவல்லவா?” என்பர். நல்ல கேள்வி. ஆகவேதான், ஆரம்ப சுகாதார நிலையங்களில், தாய்மொழியில், காசு வாங்காமல் கற்பிக்க வேண்டும் என்கிறோம். “மறந்துவிடுமே!” என்பர். உரிமத்தைப் புதுப்பிக்கும்போது பயிற்சியையும் புதுப்பிக்கட்டும்.

மற்றுமொரு நன்மையும் உண்டு. முதலுதவி, தொட்டுச் செய்யும் தொண்டு. இன்னாரைத் தொடலாம், இன்னாரைத் தொடலாகாது என்று நூற்றாண்டுக் கணக்கில் பழக்கப்பட்ட நாடு இது. குருதி வழியும் காயத்தை அழுத்தும் கை, அது எவர் குருதி என்று கேட்டுக்கொண்டு நிற்க முடியாது. அப்படிப் பழகிய கை, பிறகு வீதியிலும் கேட்கத் தயங்கும்.

வண்டி ஓட்டும் உரிமை, பிறர் உயிருக்குப் பொறுப்பேற்றுப் பெறும் உரிமை. பொறுப்பைக் கையொப்பத்தால் மட்டும் ஏற்றுக்கொள்ள இயலாது. கற்றுத்தான் ஏற்க வேண்டும். எட்டும் போடட்டும் நம் இளைஞர். கட்டும் போடக் கற்கட்டும்!