ஒரு வீட்டு லீவு

இரண்டு வருஷத்துக்கு முன்பு, ஆகஸ்ட் 14-ஆம் தேதி காலையில், எங்கள் வீட்டில் வேலை செய்யும் அக்காவிடம் சொன்னேன்: "நாளைக்கு வராதீங்கக்கா. சுதந்திர தினம். லீவு எடுத்துக்குங்க."

சொல்லும்போது உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது. அவர் தரை துடைப்பதை நிறுத்தவில்லை.

"உங்க வூட்டுக்கு மட்டும் லீவு வுட்டா எனக்கு இன்னா தம்பி லீவு? மத்த ரெண்டு வூட்டுக்கு வந்துதானே ஆவணும். பஸ் ஏறுறது ஏறுறதுதான்."

மறுநாள் வழக்கம்போல வந்தார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். "வந்தது வந்தேன், ரெண்டு பாத்திரம்தானே" என்றார். அம்மாவும் மறுக்கவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி என்னோடு இருக்கிறது. நான் அவருக்குக் கொடுக்க நினைத்தது என்ன? அதைக் கொடுக்க என்னால் ஏன் முடியவில்லை?

ராஜா அண்ணாமலைபுரத்தில் ஆகஸ்ட் 15 எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஃப்ளாட்ஸில் மொத்தம் இருபத்திநாலு வீடு. காலை எட்டு மணிக்கு கார் நிறுத்துமிடத்தில் கொடியேற்றம். மரபுப்படி பார்த்தால் ஆகஸ்ட் 15 அன்று கொடியைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும். ஜனவரி 26 அன்றுதான் மேலேயே கட்டி வைத்து விரிக்க வேண்டும். எங்கள் ஊரில் அந்த நுணுக்கமெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. இரண்டு நாளும் மேலேதான் கட்டுகிறோம், உள்ளே ரோஜா இதழ் வேண்டுமே! அந்த முடிச்சை ஆறு மணிக்கே ஸ்டூல் போட்டு ஏறிப் போடுகிறவர் வாட்ச்மேன் அண்ணன். கயிற்றை இழுக்கிறவர் செகரட்டரி மாமா. முடிச்சு அவிழாமல் சிக்கிக்கொண்டால் எல்லாரும் வாட்ச்மேன் அண்ணனைத்தான் பார்ப்பார்கள். பிறகு தேசிய கீதம், ஐந்து நிமிஷப் பேச்சு, லட்டு. ஒன்பது மணிக்கு எல்லாம் முடிந்து, அவரவர் வீட்டில் டிவி பட்டிமன்றம்.

கீழே வருவது பதினைந்து பேர் இருக்கலாம். மீதிப் பேர் தூங்குகிறார்கள். நானும் பல வருஷம் தூங்கியவன்தான். பத்து மணிக்கு எழுந்து வாட்ஸ்அப்பைத் திறந்தால், கொடியேற்றப் படத்தோடு செகரட்டரி மாமாவின் வருத்தமும் வந்திருக்கும்: 'வெறும் பதினைந்து பேர். ரத்தம் சிந்தி வாங்கிய சுதந்திரம்.' அந்த வரியைப் படிக்கும்போது கொஞ்சம் குறுகுறுக்கும். அப்புறம் மறந்துபோகும்.

ஒரு தேசிய நாளைக் கண்டுகொள்ளாமல் இருப்பது தப்பா? நண்பர்களிடம் கேட்டால் உடனே, "பெரியாரே கொண்டாடலையே" என்பார்கள். நாம் தூங்குவதற்கு அவரைத் துணைக்கு அழைப்பது நியாயமே இல்லை. 1947 ஆகஸ்ட் 15 துக்க நாள் என்று பெரியார் அறிவித்தார். வெள்ளைக்காரனிடமிருந்து அதிகாரம் பார்ப்பன, பனியாக் கைகளுக்கு மாறுகிறது, அவ்வளவுதான் என்பது அவர் வாதம். அவர் இயக்கத்திலேயே இருந்த அண்ணா மறுத்து, அது இன்ப நாள் என்று 'திராவிட நாடு' இதழில் வெளிப்படையாக எழுதினார். தலைவரோடு முரண்பட்டு அப்படி எழுத என்ன துணிச்சல் வேண்டும்! இரண்டு பேருமே அந்த நாளைத் தூக்கிப் பார்த்து, எடை போட்டு, ஒரு முடிவுக்கு வந்தவர்கள். அன்றைக்கு அவர்கள் தூங்கிவிடவில்லை.

மறுப்பதற்கு அந்த நாளை மதிக்கத் தெரிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடெரிக் டக்ளஸை 1852-இல் ராச்செஸ்டர் நகரத்தில் சுதந்திர தின உரை நிகழ்த்த அழைத்தார்கள். ஜூலை 4-க்கு மறுநாள், 5-ஆம் தேதி பேசினார். உங்கள் ஜூலை நாலு ஓர் அடிமைக்கு என்ன பொருள் தரும் என்று அழைத்தவர்கள் முகத்துக்கு நேரே கேட்டார். ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் 1938 ஜனவரி 26-ஐத் துக்க நாளாக சிட்னியில் கூடி அனுசரித்தார்கள். வெள்ளைக் குடியேற்றத்தின் 150-ஆம் ஆண்டு விழா ஊரெல்லாம் நடந்துகொண்டிருந்த நாள் அது. (அதே ஜனவரி 26-தான் 1930-லிருந்து நம் ஆட்களுக்குச் சுதந்திர நாள். வெள்ளைக்காரன் தருவதற்குப் பதினேழு வருஷம் முன்பே நாமே தேதி குறித்துக் கொண்டாடிக்கொண்டிருந்தோம்.) இலங்கையில் பிப்ரவரி 4 வந்தால் வடக்கில் கறுப்புக் கொடி. 2016-இல் கொழும்பில் அரசு விழாவில் தேசிய கீதத்தைத் தமிழிலும் பாடினார்கள். பல பத்தாண்டுகளுக்குப் பிறகு. 2020-இல் அது மறுபடியும் நின்றுபோனது. ஒரு பாட்டை எந்த மொழியில் பாடுவது என்பதற்காக மனசு நோகிறவர்கள் அந்த நாளைக் கண்டுகொள்ளாதவர்கள் இல்லை.

கேரளத்தில் 1985-இல் மூன்று பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்த குடும்பம். தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்றார்கள், ஆனால் வாய் திறந்து பாடவில்லை. அவர்கள் நம்பிக்கை அப்படி. மறுவருஷம் உச்ச நீதிமன்றம் பிள்ளைகள் பக்கம் நின்றது. பாடாமல் நிற்பது அவமதிப்பு ஆகாது என்றது. எழுதிய நீதிபதி சின்னப்ப ரெட்டி. செகரட்டரி மாமாவுக்கு இந்தத் தீர்ப்பை அனுப்பலாமா என்று ஒருமுறை யோசித்தேன். அனுப்பவில்லை. நான் பாடாமல் நின்றவன் இல்லையே, படுத்துக் கிடந்தவன்.

ஆனால் தூங்குவதற்காகவும் ஒன்று சொல்ல வேண்டும். கொண்டாடுகிறவர், மறுக்கிறவர், தூங்குகிறவர் மூவருக்கும் பொதுவாக ஒன்று கையில் இருக்கிறது: அந்த நாள். அதை வைத்து என்ன வேண்டுமானாலும் செய்யலாம், ஒன்றும் செய்யாமலும் இருக்கலாம். அக்காவுக்கு அந்த நாளே வருவதில்லை. அவர் கொண்டாடவும் இல்லை, புறக்கணிக்கவும் இல்லை. ஏழு மணி பஸ்ஸைப் பிடித்தார்.

நான் ஒரு வீட்டு லீவு கொடுத்தபோது ஏன் அது லீவு ஆகவில்லை என்பதற்கு ஓரளவு விடை சோவியத் ரஷ்யாவில் கிடைத்தது. 1929-இல் அங்கே ஞாயிற்றுக்கிழமையையே எடுத்துவிட்டார்கள். தொழிற்சாலை ஒரு நாளும் நிற்கக் கூடாது. ஆகவே தொழிலாளிகளை ஐந்து பிரிவாகப் பிரித்து, ஆளுக்கொரு நிறம் கொடுத்து, நாலு நாள் வேலை, ஒரு நாள் ஓய்வு. கணக்குப்படி பார்த்தால் முன்பைவிட ஓய்வு அதிகம். ஆனால் புருஷனுக்கு ஒரு நிறம், பெண்டாட்டிக்கு ஒரு நிறம். அவன் வீட்டிலிருக்கும் நாள் இவள் ஆலையில், பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். ஆளில்லாத வீட்டில் உட்கார்ந்து என்ன செய்வது? ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை, ஆலைகளிலும் குழப்பம். 1931-லேயே எல்லாருக்கும் ஒரே ஓய்வு நாள் என்று மாற்றினார்கள். 1940-இல் ஞாயிறு திரும்பி வந்தது.

லீவு என்பது ஓய்வு மட்டும் இல்லை. எல்லாரும் ஒரே நேரத்தில் கையைக் கழுவிவிட்டு உட்காருவது. அதனால்தான் ஒருத்தர் இன்னொருத்தருக்குத் தனியாக அதைக் கொடுக்க முடிவதில்லை. அரசாங்கமோ ஊரோ சேர்ந்துதான் கொடுக்க முடியும். தேசிய விடுமுறையில் 'தேசியம்' என்ற சொல்லுக்கு இதைவிடப் பெரிய அர்த்தம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்துச் சட்டம் ஒன்று உண்டு. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 நாலும் சம்பளத்தோடு விடுமுறை. அன்றைக்கு வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், இல்லையென்றால் சம்பளத்தோடு மாற்று விடுப்பு. ஆலைக்கு, கடைக்கு, ஹோட்டலுக்கு உண்டு. வீடு என்பது தொழில் நிறுவனம் இல்லை என்பதால் அக்காவுக்கு இல்லை. சிங்காரவேலர் 1923-இல் இந்தியாவிலேயே முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில். எங்கள் தெருவிலிருந்து அரை மணி நேர தூரம். நூறு வருஷம் கழித்தும் மே 1 அன்று காலையில் அக்கா எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார். இந்த நாலு நாளையும் தவறாமல் அனுசரிப்பது டாஸ்மாக் கடைதான்.

அக்காவிடம் ஒருநாள் கேட்டேன்: "வர்ற அன்னிக்கு டபுள் சம்பளம் குடுத்தா பரவால்லையாக்கா?"

"குடுத்தா வாங்கிக்குவேன். வேணாம்னா சொல்வேன்? ஆனா அது காசு தம்பி. லீவு இல்ல."

அவர் வருவது பெரும்பாக்கத்திலிருந்து. முன்பு இதே பக்கம் கால்வாய்க் கரையில் இருந்தார், நடந்து வருவார். அங்கிருந்து கிளப்பி அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். வேலை இங்கேயே இருந்துவிட்டது. 2021-லிருந்து பெண்களுக்குச் சாதாரணப் பேருந்தில் கட்டணம் இல்லை. அதனால் காசு மிச்சம், நேரம் மிச்சமில்லை. விடுமுறை நாளில் பஸ் குறைவு, இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். தேசம் அவருக்குத் தரும் சுதந்திர தினம் அதுதான்: அரை மணி நேரம் முன்னால் எழுந்திருப்பது.

2022 ஞாபகம் வருகிறது. அந்த ஆகஸ்டில் 13-லிருந்து 15 வரை வீடுதோறும் தேசியக் கொடி ஏற்றச் சொன்னார்கள், 75 ஆண்டு நிறைவுக்காக. எங்கள் ஃப்ளாட்ஸிலும் பால்கனிக்கு பால்கனி பாலியஸ்டர் கொடி. அதற்கு மூன்று மாசம் முன்னால், மே மாதம், இதே ராஜா அண்ணாமலைபுரத்தில் கோவிந்தசாமி நகரில் நீதிமன்ற உத்தரவின்படி வீடுகளை இடித்துக்கொண்டிருந்தார்கள். அதை எதிர்த்து அறுபது வயதுக்காரர் ஒருவர் தீக்குளித்து இறந்துபோனார். ஆகஸ்டில் நானும் கொடியைக் கட்டினேன். கட்டும்போது அதையும் இதையும் சேர்த்து நினைக்கவில்லை. வீடுதோறும் என்ற சொல்லை அப்போது நான் கேட்டதாகவே இல்லை.

போன ஜூலையில் குழுவில் ஒரு செய்தி போட்டேன். நாலு தேசிய விடுமுறைகளிலும் வீட்டு வேலைக்கு வருகிற எல்லாருக்கும் நம் ஃப்ளாட்ஸ் முழுக்க ஒரே மாதிரி சம்பளத்தோடு லீவு விடலாமா? முதலில் அரை நாள் மௌனம். பிறகு இரண்டு பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர், "நல்ல யோசனை, ஆனா அன்னிக்கு எங்க வீட்ல கெஸ்ட்" என்றார். ஒருவர், வாட்ச்மேனுக்கும் லீவு விட்டால் கேட்டை யார் பார்ப்பது என்று கேட்டார், நியாயமான கேள்வி. அவருக்கு அன்றைக்கு இரட்டைச் சம்பளம் என்று முடிவானது. ஒருவர், "அவங்களே கேக்கல, நீங்க ஏன்?" என்றார். எதிர்பாராமல் ஆதரவு தந்தது செகரட்டரி மாமாதான். அவர் ரிட்டயர் ஆனது ஒரு தொழிற்சாலையிலிருந்து. அந்த நாட்களில் வேலைக்கு வந்தால் இரட்டைச் சம்பளம் வாங்கியதைப் பற்றி நீளமாக எழுதினார். கடைசியில் இருபத்திநாலில் பதினேழு வீடு சரி என்றது.

அக்காவின் மூன்று வீட்டில் இரண்டு எங்கள் ஃப்ளாட்ஸ். மூன்றாவது அடுத்த தெரு. அந்த அம்மாவிடம் நானே போய்க் கேட்டேன். வயசானவர், தனியாக இருக்கிறார். "அவ வரலேன்னா எனக்கு அன்னிக்குப் பேச யாருப்பா இருக்கா?" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

ஆகஸ்ட் 15 அன்று நான் கீழே போனேன். பதினெட்டு பேர். முடிச்சு சிக்கவில்லை. ஒன்பதரை மணிக்கு அக்கா வந்தார், அடுத்த தெரு வேலையை முடித்துவிட்டு, கையில் லட்டோடு. வாட்ச்மேன் அண்ணன் கொடுத்திருக்கிறார். அம்மா காபி போட்டார். அக்கா வழக்கமாக நின்றுகொண்டே குடிப்பவர், அன்றைக்கு டைனிங் டேபிளில் உட்கார்ந்து பாதி பட்டிமன்றம் பார்த்தார். "அடுத்த பஸ்ஸு பத்தேகாலுக்கு" என்றார்.

சிங்க் காலியாக இருந்தது. முதல் நாள் ராத்திரியே நான் எல்லாவற்றையும் தேய்த்துக் கவிழ்த்திருந்தேன். டம்ளரை வைக்கப் போனவர் வாணலியை எடுத்து, அடியில் விரலால் தடவிப் பார்த்தார்.

"எண்ணெப் பிசுக்கு அப்டியே கீது பாரு" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தார்.

"அக்கா, விடுங்க."

"இரு தம்பி" என்றார்.