முழுப் பேர் போட்ட தலைவர்



பிரட்டுக்களத்தில் நின்று பழகிய நம் தோட்டப்புற மக்களுக்கு விளக்கமே தேவைப்படாத உவமை ஒன்று உண்டு. மத்தேயு நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் வரும் திராட்சைத் தோட்ட வேலையாட்களின் உவமை அது.

தோட்டத் தலைவர் விடியற்காலையில் ஆள் எடுக்கிறார். ஒன்பது மணிக்கும், நண்பகலிலும், மூன்று மணிக்கும் மறுபடி வருகிறார். மாலை ஐந்து மணிக்கும் சிலர் நிற்கிறார்கள். ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டால், தங்களை எவரும் வேலைக்கு அமர்த்தவில்லை என்கிறார்கள்.

அந்தப் பதிலைச் சற்றே சிந்தியுங்கள். அவர்கள் சோம்பேறிகள் அல்லர். வேலைக்காகக் காத்து நின்றவர்கள். பலசாலிகளை முதலில் பொறுக்கிக்கொள்வது உலக வழக்கம். கடைசிவரை நின்றவர்களில் காலை இழுத்து நடந்தவனும், கை விளங்காதவனும் இருந்திருப்பார்கள் என்று எண்ண இடமுண்டல்லவா?

வட்டகொடை மலைச்சரிவுகளில் கூடையைச் சுமந்து ஏறி இறங்கிக் கொழுந்து எடுப்பது எளிதல்ல. நிறுவையில் குறைந்தால் அரைப் பேர்தான். இத்தகைய இடத்தில் கால் மெலிந்த ஒரு பெண்ணோ, பார்வை குறைந்த ஓர் இளைஞனோ வேலை கேட்டால், "உனக்கெதற்கு வேலை? வீட்டில் இரு" என்கிறோம். அன்பினால்தான் சொல்கிறோம். ஆனால் அந்த அன்பு இருபது வயதுப் பிள்ளையை வாழ்நாள் முழுவதும் லயத்து இஸ்தோப்பிலே உட்கார வைத்துவிடுகிறது!

மலை ஏற முடியாதவர் கணக்கு எழுதலாம், தைக்கலாம், பாடம் சொல்லிக் கொடுக்கலாம். நாட்டின் சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. அரச துறை வெற்றிடங்களில் நூற்றுக்கு 3 இடங்களைத் தகுதியுள்ள வலது குறைந்தோருக்கு வழங்க வேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை பணித்தது. உடற்குறையைக் காரணம் காட்டி ஒருவரை வேலைக்குச் சேர்க்காமல் ஒதுக்குவதை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆயினும் கேளாதவருக்குச் சட்டம் தானாக வந்து கதவைத் தட்டாது.

திருச்சபையின் போதனையும் இதுவே. 1981, உலக வலது குறைந்தோர் ஆண்டு. அவ்வாண்டு செப்டெம்பர் 14ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் உழைப்பைப் பற்றி ஒரு சுற்றுமடல் வெளியிட்டார். உடல் வலுவுள்ளோரை மட்டுமே வேலைக்கு ஏற்கும் சமுதாயம் மனித மாண்புக்கே இழுக்கு என்று அதிலே உணர்த்தினார். ஆகவே வலது குறைந்தவருக்கு வேலை கொடுப்பது தருமம் அன்று, நீதி.

பெற்றோரே, அப்பிள்ளையின் படிப்பை நிறுத்தாதீர்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு, தொழிற்பயிற்சிக்கும் உதவிக்கும் வழி கேளுங்கள். இளைஞரே, விண்ணப்பம் எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுங்கள். நேர்முகப் பரீட்சைக்குப் போகிறவருக்கு வட்டகொடை நிலையத்திலிருந்து ரயிலில் துணை போங்கள். கடை வைத்திருப்போரே, ஆள் தேவைப்படும்போது அவரையும் அழைத்துப் பாருங்கள்.

உவமையின் தலைவர் ஐந்து முறை வெளியே போனார். நாம் ஒரு முறையாவது போயிருக்கிறோமா? ஒரு மணி நேரமே உழைத்தவனுக்கும் அவர் முழுப் பேர் போட்டார். ஞானஸ்நானத்தில் நம் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்த கடவுளின் செக்ரோலிலே அரைப் பேர் என்பதே கிடையாது.