சேர்ந்து பார்த்தல்

எங்கள் மணவாழ்வு முப்பத்தோராவது ஆண்டில் அடியெடுத்து வைத்தபோது பிள்ளைகள் இருவரும் வெளியூர் சென்றுவிட்டிருந்தனர். வீட்டில் நானும் என் துணைவியாரும் மட்டுமே. இரவு உணவு முடிந்ததும் ஆளுக்கோர் அறையில், ஆளுக்கொரு திரையின் முன் அமர்ந்துவிடுவது வழக்கமாகியிருந்தது. சண்டை ஏதுமில்லை, ஆனால் பேச்சும் ஏதுமில்லை. அப்படியொரு மாலையில்தான் அந்தச் சவால் பிறந்தது. 1930 முதல் 1960 வரை ஹாலிவுட்டில் உருவான படங்களில் 52-ஐத் தேர்ந்து, வாரத்திற்கு ஒன்றாக, ஓராண்டு முழுவதும் சேர்ந்தே பார்ப்பது என்று முடிவு செய்தோம். விதிகள் மூன்று: ஒருவர் தேர்வை மற்றவர் மறுக்கலாகாது, தனியே பார்க்கலாகாது, பாதியில் எழுந்து போகலாகாது.

பட்டியல் தயாரிப்பது எளிதாகவே இருந்தது. அமெரிக்கத் திரைப்படக் கழகம் 1998-இல் 100 சிறந்த அமெரிக்கப் படங்களை வரிசைப்படுத்தியது. ‘சிட்டிசன் கேன்’ அதில் முதலிடம் பெற்றது, ‘காசாபிளாங்கா’ இரண்டாமிடம். அதற்கு மூன்றாண்டுகள் முன்பு, திரைக்கலையின் நூற்றாண்டையொட்டி, வத்திக்கானும் சமயம், மதிப்பீடுகள், கலை என்னும் மூன்று தலைப்புகளில் 45 படங்களைப் பரிந்துரைத்திருந்தது. ‘இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்’, ‘ஆன் தி வாட்டர்ஃப்ரண்ட்’, ‘பென்ஹர்’ ஆகியவை அதில் அடங்கும். இரண்டிலிருந்தும் எடுத்தோம், எங்கள் விருப்பப்படியும் சிலவற்றைச் சேர்த்துக்கொண்டோம்.

பன்னிரண்டாம் வாரம்வரை எல்லாம் ஒழுங்காக நடந்தது. நான் ஒரு குறிப்பேட்டில் படத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதி, பார்த்து முடிந்ததும் ஒரு குறியிட்டு வந்தேன். ஒரு சனிக்கிழமை இரவு, படம் முடியப் பத்து நிமிடம் இருக்கையிலேயே என் கை பேனாவைத் தேடிற்று. அதைக் கண்ட துணைவியார் அமைதியாகச் சொன்னார்: “நீங்க படத்தை முடிக்கத்தான் பார்க்கிறீங்க. என்னோட பார்க்கலை.”

அந்தச் சொல் என்னைத் தைத்தது. அதில் உண்மை இருந்ததே காரணம். சவாலை நிறைவேற்றும் ஊக்கத்தில், எவரோடு அந்தச் சவாலை ஏற்றேனோ அவரையே மறந்துவிட்டிருந்தேன். இது திரைப்படம் பற்றிய சிறு பிணக்கு மட்டும்தானா? கொடுத்த வாக்கின் எழுத்தைக் காத்து அதன் உயிரைக் கைவிடும் ஆபத்து இல்லறம் முழுவதிலும் இருக்கிறதன்றோ? ஒரே கூரையின்கீழ் முப்பது ஆண்டுகள் கழித்துவிட்டோம் என்று கணக்குக் காட்டலாம். கணக்கு பிழையன்று. ஆயினும் சேர்ந்து வாழ்ந்தோமா என்பது வேறு கேள்வி.

இவ்விடத்தில் ஒரு தடை எழும். திரையின் முன் அமரும் இருவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பதில்லை, பேசுவதுமில்லை. இருளில் இரண்டு மணி நேரம் மௌனமாக இருப்பதை உறவு என்று எப்படிச் சொல்வது? பேச வேண்டியவற்றைப் பேசாமலிருக்கக் கிடைத்த சாக்காகவும் அது ஆகிவிடலாமே? ஆகலாம் என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். எங்கள் முதல் பன்னிரண்டு வாரங்கள் ஏறத்தாழ அப்படித்தான் கழிந்தன. எனினும், முகத்தை முகம் நோக்கியிருப்பது மட்டுமே உறவு அன்று. ஒரே நுகத்தில் பூட்டிய இரு எருதுகள் ஒன்றையொன்று நோக்குவதில்லை. ஆனால் ஒன்று தளர்ந்தால் மற்றது தன் கழுத்திலேயே அதை உணர்கிறது. நான் தளர்ந்ததை என் துணைவியார் உணர்ந்தது அவ்வாறே.

இன்னொரு கேள்வியும் என்னை வாட்டியது. பிடிக்காத ஒன்றை மற்றவருக்காகப் பார்ப்பது அன்பா, பாசாங்கா? ஆடலும் பாடலும் நிறைந்த ‘சிங்கிங் இன் த ரெயின்’ (1952) அவருடைய தேர்வு. துப்பாக்கி வெடிக்கும் படங்கள் என்னுடையவை. சிந்தித்துப் பார்த்ததில் எனக்குத் தெளிந்தது இதுதான்: விருப்பத்தைக் கட்டளையிட்டு வரவழைக்க முடியாது, கவனத்தைக் கொடுக்க முடியும். பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்வது பொய். பிடிக்காதபோதும், ‘இவருக்கு இதில் என்ன தெரிகிறது?’ என்று உற்று நோக்குவது அன்பு.

அவர் அப்படி உற்று நோக்கியதன் பயனை ‘ஹை நூன்’ (1952) பார்த்த இரவில் நானே பெற்றேன். இளமையில் மூன்று முறை பார்த்த படம் அது. பழிவாங்க நண்பகல் ரயிலில் வரும் கொடியவனையும் அவன் கூட்டாளிகளையும் ஊரார் கைவிட்ட ஒரு காவல் அதிகாரி தனியனாக எதிர்கொள்ளும் கதை என்றே நான் நினைத்திருந்தேன். துணைவியாரோ மணப்பெண்ணைப் பார்த்தார். கிரேஸ் கெல்லி நடித்த ஏமி, வன்முறையை அறவே மறுக்கும் குவேக்கர் சமயப் பெண். தந்தையையும் உடன்பிறந்தவனையும் துப்பாக்கிக்குப் பறிகொடுத்தவள். மணமான அன்றே, தன் மனசாட்சிக்கும் கணவனுக்கும் இடையே நிறுத்தப்படுகிறாள். ஊரைவிட்டுப் போக ரயிலில் ஏறியவள், முதல் வெடியோசை கேட்டதும் இறங்கி ஓடி வருகிறாள். இறுதியில் அவளே ஒருவனைச் சுட்டு வீழ்த்துகிறாள். “அவர் உயிர் தப்பிச்சது. அவளோட மனசாட்சிக்கு என்ன ஆச்சு?” என்று துணைவியார் கேட்டார். மூன்று முறை பார்த்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. நள்ளிரவு வரை பேசிக்கொண்டிருந்தோம்.

கருத்து வேறுபாடுகளும் எழாமலில்லை. ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடும் ‘கான் வித் த விண்ட்’ (1939) படத்தின் அழகில் நான் மயங்கினேன். அடிமை முறையை இனிய பழங்காலமாக அது காட்டுவதை அவரால் பொறுக்க முடியவில்லை. அதில் நடித்த கறுப்பினக் கலைஞர் ஹேட்டி மெக்டேனியல், நிறவெறிச் சட்டங்களின் காரணமாக அட்லாண்டா நகரில் நடந்த முதல் திரையிடலில் கலந்துகொள்ள முடியவில்லை. 1940-இல் ஆஸ்கர் பெற்ற அன்றும் உடன் நடித்தவர்களோடன்றி, தனி மேசையிலேயே அமர்த்தப்பட்டார். கலையழகு அநீதியை மறைக்கும் திரையாகலாம் என்று அன்று நான் கற்றேன். தனியே பார்த்திருந்தால் கற்றிருக்க மாட்டேன்.

இந்தப் பழைய படங்களில் மணவாழ்வு பற்றிய ஒரு சிந்தனையும் புதைந்திருக்கிறது. 1930-இல் ஹாலிவுட் ஏற்றுக்கொண்ட ஒழுக்க விதித்தொகுப்பை வரைந்தவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்னும் இயேசு சபைக் குரு. 1934 முதல் கண்டிப்பாகச் செயல்படுத்தப்பட்ட அவ்விதிகள் 1968-இல் முடிவுக்கு வந்தன. திருமணத்தின் புனிதம் காக்கப்பட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. விதியால் மட்டும் நல்ல கதை பிறந்துவிடாது. ஆயினும் அக்காலத்தில் ஒரு புதுவகை நகைச்சுவைப் படம் செழித்தது. அமெரிக்க மெய்யியலாளர் ஸ்டான்லி காவெல் 1981-இல் வெளியிட்ட நூலில் அத்தகைய ஏழு படங்களை ஆராய்ந்தார். காதலர் தடைகளைக் கடந்து இணைவது பழைய நகைச்சுவையின் கதை. இப்படங்களிலோ, பிரிந்த அல்லது பிரியத் துணிந்த இணை மீண்டும் ஒன்றுசேர்கிறது.

லியோ மெக்கேரி இயக்கிய ‘தி ஆஃபுல் ட்ரூத்’ (1937) அவ்வகையில் சிறந்தது. ஒருவர் சொல்லை மற்றவர் நம்பாததால் கணவனும் மனைவியும் நீதிமன்றம் செல்கின்றனர். மணமுறிவு நடைமுறைக்கு வர 90 நாள். கடைசி நாள் நள்ளிரவு நெருங்கும்போது, அடுத்தடுத்த இரு அறைகளில் இருவரும் உறங்காமல் இருக்கின்றனர். நடுவிலுள்ள கதவோ காற்றில் திறந்து திறந்து மூடுகிறது. சட்டம் அனுமதிக்கும் மணமுறிவைத் திருச்சபை ஏற்பதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் இக்கதை நமக்கும் ஒன்றைச் சொல்கிறது. பீடத்தின் முன் ஒருமுறை அளித்த ஒப்புதல் என்றென்றைக்கும் உரியது; அதனாலேயே அதை ஒவ்வொரு நாளும் புதிதாக அளிக்க வேண்டியிருக்கிறது. முறியாத பிணைப்பு என்பதனால் பேணாமல் விட்டுவிடலாம் என்று எண்ணுவதே நாம் செய்யும் தவறு.

அதே ஆண்டில் அதே மெக்கேரி எடுத்த ‘மேக் வே ஃபார் டுமாரோ’ நாங்கள் பார்த்த இரு பட்டியல்களிலும் இல்லை. எங்கள் பட்டியலில் இருந்தது. வங்கியிடம் வீட்டை இழந்த முதிய தம்பதியரை எந்தப் பிள்ளையாலும் சேர்த்து வைத்துக்கொள்ள முடியவில்லை. தாய் மகன் வீட்டிலும் தந்தை தொலைவில் உள்ள மகள் வீட்டிலுமாகப் பிரிகின்றனர். இறுதியில் தந்தை கலிஃபோர்னியாவுக்கு அனுப்பப்படுகிறார். தாய் முதியோர் இல்லம் செல்லவிருப்பதைக் கணவரிடம் மறைத்துவிடுகிறார். பிரியுமுன் சில மணி நேரம், ஐம்பது ஆண்டுகளுக்கு முன் தேனிலவு கழித்த அதே ஓட்டலில் அமர்கின்றனர். நடனமாட எழுகின்றனர், இசை அவர்கள் கால்களுக்கு விரைவாக இருக்கிறது. இசைக்குழுத் தலைவர் அதைக் கண்டு மெதுவான பழைய வால்ட்ஸ் இசைக்கு மாற்றுகிறார். பிறகு ரயில் நிலையம். முடிவு மகிழ்ச்சியாக இருக்கட்டும் என்று ஸ்டுடியோ விரும்பியது; மெக்கேரி இணங்கவில்லை. படம் வசூலில் தோற்றது. ‘தி ஆஃபுல் ட்ரூத்’ படத்திற்காக ஆஸ்கர் விருது பெற்றபோது, தவறான படத்திற்குக் கொடுத்துவிட்டீர்கள் என்ற பொருள்படப் பேசினார் அவர்.

அன்று படம் முடிந்தும் நான் குறிப்பேட்டைத் தேடவில்லை. வெகுநேரம் கழித்துத் துணைவியார் சொன்னார்: “யார் முதல்ல போவோம்னு தெரியாது. ஆனா அதுக்கு முன்னாடி நமக்கும் அப்படி ஒரு சாயங்காலம் வேணும்.” நான் சொன்னேன்: “இன்னிக்கே சாயங்காலம்தானே.”

ஓராண்டு முடிவில் நாங்கள் பார்த்திருந்தவை 39 படங்கள் மட்டுமே. சில வாரங்களில் ஒரு படத்தைப் பற்றிய பேச்சே அடுத்த சனிக்கிழமையையும் எடுத்துக்கொண்டது. சவாலில் தோற்றோம் என்றே சொல்ல வேண்டும். தொடக்கத்தில் இதை நான் குறையாக எண்ணியிருப்பேன். இன்று அப்படி எண்ணவில்லை. நம்மில் பலர் துணைவருக்கு உழைப்பைத் தருகிறோம், பொருளைத் தருகிறோம், நோயுற்றால் இரவு முழுதும் விழித்திருக்கிறோம். நோயற்ற சாதாரண மாலைப்பொழுதில், சிதறாத கவனத்தைத் தருகிறோமா? படமாக இருக்கட்டும், நூலாக இருக்கட்டும், மாலை நடையாக இருக்கட்டும். இருவரும் சேர்ந்து நோக்க ஏதேனும் ஒன்று நம் இல்லத்தில் இருக்கிறதா? இல்லையெனில், இந்த வாரமே ஒன்றைத் தேடிக்கொள்வது நலம்.

எங்கள் பட்டியலில் இன்னும் 13 படங்கள் மீதமுள்ளன. அவசரம் ஏதுமில்லை.