முளைச்சா எப்படி இருக்குமுங்க?

மூலனூர்ப் பக்கம் ஒரு கண்வலிக்கிழங்குத் தோட்டம். செங்காந்தளுக்கு அங்கே அதுதான் பெயர். புரட்டாசிக் காலை, வெயில் ஏறுமுன் சில பெண்கள் கொடிகளுக்கிடையே வேலையாக இருந்தார்கள். செங்காந்தள் பூவின் சூல்தண்டு அடியிலேயே மடங்கி, மகரந்தத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். பூச்சிகளை மட்டும் நம்பினால் காய்ப்பு குறையும் என்பதால், ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் கையாலேயே தொட்டு வைக்கிறார்கள். அங்கிருந்த ஓர் அம்மாவிடம், "இதை விதை போட்டும் வளர்க்கலாமாம்" என்றேன் பேச்சுவாக்கில். கை நிற்கவில்லை, முகம் மட்டும் திரும்பியது. "முளைச்சா எப்படி இருக்குமுங்க?"

என்னிடம் பதில் இல்லை. கேள்வி மட்டும் கூடவே வந்துவிட்டது.

எத்தனை ஆயிரம் பூக்களைத் தொட்ட விரல்கள் அவை! காய் வெடித்ததும் உள்ளே செக்கச்செவேலென்று ஒட்டியிருக்கும் விதைகளை உதிர்த்துக் காயவைப்பதும் அதே விரல்கள்தாம். பிறகு அவை மூட்டையாகிப் போகின்றன, கவுட் என்னும் மூட்டுவலிக்கான கோல்ச்சிசின் மருந்துக்காக. ஒரு விதைகூட மண்ணுக்குத் திரும்புவதில்லை. நடவுக்குக் கிழங்கு இருக்கிறதே. கலப்பை வடிவில் இரண்டாகப் பிரிந்த கிழங்கு. ஒவ்வொரு பிரிவின் நுனியிலும் ஒரே ஒரு முளை. அது ஒடியாமல் நட்டால் அந்தப் பருவமே பூ. விதையென்றால் பூவைப் பார்க்க மூன்று நான்கு வருஷம். கடன் வாங்கிக் கம்பி இழுத்துக் கொடி ஏற்றியவர் அதுவரை எப்படிப் பொறுப்பார்?

அம்மாயி வீட்டுக் கிளுவை வேலியில் மழைக்குப் பின் இந்தக் கொடி தானாக ஏறும். இலை நுனியே சுருண்டு கிளுவைக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பச்சையும் மஞ்சளுமாய் விரிந்த பூ, வாடுமுன் முழுச்சிவப்பாகிவிடும். "தொட்ட கையை வாயில வெச்சராத கண்ணு, வெசம்" என்பார் அம்மாயி. தையில் கொடி காய்ந்து போகும். அடுத்த மழைக்கு மறுபடி வரும். அதை நட்டது யார் என்று நான் கேட்டதே இல்லை. பள்ளியில் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் ஒப்பிக்கச் சொன்னார்கள். முதல் பூ காந்தள் என்பதால் அது மட்டும் தங்கியது. பாட்டில் வரும் பெண்கள் அந்தப் பூக்களைப் பறித்துப் பாறையில் குவித்ததாக ஞாபகம். நட்டவர் பற்றிய பேச்சு அங்கும் இல்லை.

தோட்டக்காரர் கொடுத்த பழைய விதைகளில் கொஞ்சம் தொட்டியில் போட்டேன். பல வாரம் ஒன்றுமில்லை. பிறகு ஒன்று முளைத்தது: புல்லென்று பிடுங்கி எறியத் தோன்றும் மெல்லிய இலை. சில இலைகளோடு நின்று, பருவம் முடிந்ததும் அதுவும் காய்ந்தது. மண்ணுக்குள் பட்டாணி அளவில் ஒரு கிழங்கு இருக்கும். அந்த அம்மாவிடம் போய் இதைச் சொல்லலாம். ஆனால் அவர் கேட்டது செடியைப் பற்றி மட்டும்தானா? தன் கைபட்டது எங்கே போய் என்னவாகிறது என்றும் சேர்த்துக் கேட்டாரோ?

கிழங்கில் வருவது அதே பழைய செடிதான், நீண்டுகொண்டே போகும் ஓர் உயிர். விதையில் வருவது இரண்டு பூக்களின் பிள்ளை. இதற்கு முன் உலகில் இல்லாதது. புதியதற்காகக் காத்திருப்பதே பெரிது என்று சிலநாள் உறுதியாகத் தோன்றுகிறது. கிழங்கு நட்டு, விதை விற்றுப் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிறவரை நினைத்தால் அந்த உறுதி தளர்கிறது. என் பொறுமைக்குப் பின்னால் இருப்பது பூமேல் உள்ள அன்பா, அவசரமில்லாத வாழ்க்கை தந்த வசதியா? இரண்டையும் பிரித்துப் பார்க்க எனக்கு இன்னும் தெரியவில்லை.